கடுவன் பூனைக்கு உச்சா வரலையா? ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போடாதீங்க!

சனிக்கிழமை ராத்திரி பத்து மணி இருக்கும். எங்கள் பூசணி குளியலறைத் தரையில் போய் உட்கார்ந்தான். எழுந்தான். நாலு அடி நடந்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தான். பூசணி என்பது எங்கள் பூனையின் பெயர். ஆரஞ்சு நிறம், நாலு வயது, ஆறு கிலோ. பெயர்க் காரணத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை.

“வயித்துல கட்டிக்கிச்சு போல. கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவி விடு, நக்கிக்குவான்” என்றார் என் மாமியார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதுகை வளைத்து, முக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பூனையைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமை விளக்கெண்ணெய் கொடுத்தோம். “சூடு பிடிச்சிருக்கும், இளநீர் ஊத்துங்க” என்று தெருவில் ஒருவர் சொன்னார். அதையும் ஸ்பூனில் எடுத்துக்கொண்டு போனேன். நல்லவேளை, அவன் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் நுரையாக வாந்தி எடுத்தான். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தவன் மத்தி மீன் வாசனைக்குக்கூட வெளியே வரவில்லை.

திங்கள் காலை ஓசூரில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் அடிவயிற்றில் விரலை வைத்தார், அவ்வளவுதான். “கடைசியா எப்ப உச்சா போனான்?” என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை, என் கணவருக்கும் தெரியவில்லை. மூன்று வேளையும் அவனுக்குச் சாப்பாடு வைப்பவள் நான். என்ன தின்றான் என்று கேட்டிருந்தால் மணிக்கணக்கில் சொல்லியிருப்பேன். என்ன வெளியே போனது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

“இது மலச்சிக்கல் இல்லைம்மா. மூத்திரக் குழாய் அடைச்சிருக்கு. பை கல்லு மாதிரி இறுகிப்போயிருக்கு. இன்னும் அரை நாள் விட்டிருந்தீங்கன்னா கொண்டுவந்து பிரயோஜனம் இல்லை.”

பூசணி பிழைத்துக்கொண்டான். இந்தக் கதையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னபோது அவர் அப்படியே நின்றுவிட்டார். தெலுங்குக்காரர். “மா பில்லி கூடா இலாகே” என்றார். அவர் வீட்டுக் கடுவனும் இதேபோலத்தான் மூலைக்கு மூலை உட்கார்ந்து எழுந்திருக்கிறான், வாந்தி எடுத்திருக்கிறான், மூன்றாம் நாள் செத்துப்போயிருக்கிறான். யாரோ எலி மருந்து வைத்துவிட்டார்கள் என்று எதிர் வீட்டோடு சண்டை போட்டு, இரண்டு வருஷம் பேசாமலே இருந்தாராம்.

அது எலி மருந்தாகவும் இருந்திருக்கலாம், தெரியாது. ஆனால் ‘நல்லா இருந்த கடுவன், ரெண்டு மூணு நாள்ல போயிடுச்சு’ என்று நம் தெருக்களில் கேட்கிற கதைகளில் சில இந்த அடைப்பாகத்தான் இருக்கும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

கடுவனின் சிறுநீர்க் குழாய் நீளமானது, நுனியில் மிகவும் குறுகலானது. பெட்டைக்குக் குழாய் குட்டை, அகலமும் அதிகம். அதனால்தான் சிறுநீர்ப் பை வீக்கம் இரண்டுக்கும் வந்தாலும், உயிரை எடுக்கிற அடைப்பு பெரும்பாலும் கடுவனுக்கே வருகிறது. மணல் போன்ற படிகங்களும், பையின் உள்சுவரிலிருந்து கழன்று வரும் சளியும் செல்களும் சேர்ந்து பசை மாதிரி ஒரு அடைப்பானை உருவாக்கிவிடும். சில நேரம் சின்னக் கல். சில நேரம் எதுவுமே இருக்காது. வீக்கத்தாலும் தசை இறுக்கத்தாலும் குழாய் தானே மூடிக்கொள்ளும்.

சிறுநீரகம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும். பை உப்பும். பின்னழுத்தம் சிறுநீரகத்தைத் தாக்கும். வெளியேற வேண்டிய கழிவுகள் ரத்தத்திலேயே தங்கும். அதில் மோசமானது பொட்டாசியம். அது ஏற ஏற இதயத் துடிப்பு தாளம் தப்பும். முழு அடைப்பு ஏற்பட்ட 24 மணி நேரத்திலேயே உடம்பு கெட ஆரம்பித்துவிடும். சிகிச்சை இல்லையென்றால் இரண்டு, மூன்று நாள்களில் மரணம். எனக்கு இளநீர் நினைவுக்கு வந்து கை நடுங்கியது அப்போதுதான். இளநீரில் பொட்டாசியம் நிறைய. மனிதனுக்கு நல்லதுதான், பொட்டாசியம் எகிறிக் கிடக்கும் பூனைக்கு அது எரிகிற அடுப்பில் எண்ணெய். வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர் எல்லாமே இதே கதைதான். வழி அடைத்திருக்கும்போது வலுக்கட்டாயமாக ஊற்றும் எதுவும் பையை இன்னும் உப்பவைக்கும்.

அதைவிட ஆபத்து, வலிக்குதே என்று பாராசிட்டமால் கொடுப்பது. பூனையின் கல்லீரலுக்கு அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் சக்தி இல்லை. ஒரே ஒரு மாத்திரை போதும், உயிர் போய்விடும். குழந்தைக்குக் கொடுக்கும் சிரப்பும் அப்படித்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆரோக்கியமான பூனை ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து நாலு முறை சிறுநீர் கழிக்கும். மணல் தட்டு வைத்திருப்பவர்களுக்கு இது சுலபம், கட்டிகளை எண்ணினால் போதும். அரை மணி நேரத்தில் நாலைந்து முறை போய் உட்கார்ந்து, மணலில் ஒரு துளிகூட ஈரமில்லை என்றால் அது அவசரம். அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும்.

முழு அடைப்புக்கு முன்னால் பல பூனைகள் சில நாள் குறிப்பு கொடுக்கும். பின்பக்கத்தை ஓயாமல் நக்கும். உட்கார்ந்தபடியே ஒருமாதிரி அடித்தொண்டையில் கத்தும். துளித்துளியாகப் போகும், சில சமயம் இளஞ்சிவப்பாக ரத்தம் கலந்து போகும். பழக்கமான தட்டை விட்டுவிட்டு சிங்க், டைல்ஸ் தரை, குளியலறை மூலை என்று வழவழப்பான, குளிர்ச்சியான இடமாகப் பார்த்துப் போகும். பூசணியும் முந்தின வாரம் என் கணவரின் யூனிஃபார்ம் மேல் போயிருந்தான். “திமிர் பிடிச்சிருக்கு” என்று முதுகில் ஒரு தட்டு தட்டினேன். பழிவாங்குவதற்காகப் பூனை உச்சா போகாது. மணலில் உட்கார்ந்தபோது வலித்திருக்கிறது. வலி மணலில் இருக்கிறது என்று நினைத்து வேறு இடம் தேடியிருக்கிறான்.

மலச்சிக்கலோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரே வழி, கடைசியாக மலமும் சிறுநீரும் எப்போது போனது என்று தெரிந்திருப்பதுதான். தெரியவில்லை என்றால் அடைப்பு என்றே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விடுங்கள். மலச்சிக்கலாக இருந்தால் நஷ்டம் கன்சல்டிங் ஃபீஸ்தான். வீட்டில் வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டாம். இறுகிய பை கிழிந்துவிடக் கூடும்.

பத்து வயதைத் தாண்டிய பூனைக்கு அறிகுறி நேர் எதிராகவும் வரலாம். தண்ணீரை மொண்டு மொண்டு குடித்து, பெரிய பெரிய கட்டியாகப் போனால் சிறுநீரக நோய், சர்க்கரை நோய் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

தண்ணீர் இருக்கிறது, குடிக்கத்தான் மாட்டேன் என்கிறான்

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்க, மேற்காசிய வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனை. எலியும் குருவியும்தான் அதற்குச் சாப்பாடு. ஒரு எலியின் உடம்பில் ஏறக்குறைய 70 சதவிகிதம் தண்ணீர். சாப்பாட்டிலேயே தண்ணீர் கிடைத்துவிட்டதால் தாகம் எடுத்துக் குடிக்கும் பழக்கம் அதற்குப் பெரிதாக வளரவில்லை. சிறுநீரைக் கெட்டியாக்கித் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் சிறுநீரகம் மட்டும் அமைந்தது.

அந்த உடம்புக்கு நாம் போடுவது ட்ரை ஃபுட். அதில் தண்ணீர் 10 சதவிகிதம் அளவுக்குத்தான் இருக்கும். நாலு கிலோ பூனைக்கு உணவும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் தேவை. ட்ரை ஃபுட் மட்டுமே தின்னும் பூனை அந்த அளவைக் கிண்ணத்திலிருந்து குடித்து ஈடுகட்டுவது அபூர்வம். சிறுநீர் கெட்டியாகிறது, படிகம் சேர்கிறது. எங்கள் ஊர்க் குளிர் வேறு. ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் வாங்கிய ஓசூரில் டிசம்பர், ஜனவரியில் பூசணி போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டுவதே பெரிய விஷயம்.

‘போர் தண்ணியாலதான் கல்லு வருது’ என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். சொல்வதில் ஆச்சரியமில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பதால்தானே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல். ஆனால் பூனையைப் பொறுத்தவரை எந்தத் தண்ணீர் என்பதைவிட எவ்வளவு தண்ணீர் என்பதுதான் முக்கியம். நீங்கள் குடிக்கும் தண்ணீரையே அதற்கும் வையுங்கள்.

வைக்கிற விதத்தில் கொஞ்சம் சூட்சுமம் இருக்கிறது. மீசை இடிக்காத அகலக் கிண்ணம், விளிம்பு வரை தண்ணீர். சாப்பாட்டுத் தட்டுக்கும் மணல் தட்டுக்கும் பக்கத்தில் வேண்டாம். வீட்டில் மூன்று இடத்தில் வைத்தால் போகிற வருகிற வழியில் நாலு வாய் நக்கும். எங்கள் வீட்டில் எவர்சில்வர் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காதவன், துணி துவைக்கும் கல்லருகே இருந்த பழைய மண்சட்டியில் குடிக்கிறான். ஓடுகிற தண்ணீர் பிடிக்கும் பூனைகளுக்கு ஃபவுன்டன் வாங்கலாம். எல்லாவற்றையும்விடப் பலன் தருவது உணவை ஈரமாக்குவதுதான். பவுச்சில் வரும் வெட் ஃபுட்டில் முக்கால் பங்குக்குமேல் தண்ணீர். தினமும் கட்டுப்படியாகாது என்றால் ஒரு வேளை மட்டும் கொடுங்கள். ட்ரை ஃபுட்டில் வெந்நீர் ஊற்றி ஊறவையுங்கள். உப்பு, மசாலா இல்லாமல் கோழி வேகவைத்த தண்ணீரைச் சேருங்கள். வெங்காயமும் பூண்டும் அதில் இருக்கவே கூடாது, இரண்டும் பூனைக்கு விஷம். பால் தண்ணீருக்கு ஈடு இல்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது பேதியைத்தான் கொடுக்கும். கருவாடு வேண்டவே வேண்டாம், அதில் தண்ணீரும் இல்லை, உப்பும் அதிகம்.

கல் என்றதும் கடையில் ‘யூரினரி’ என்று அச்சடித்த பையை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கல்லில் இரண்டு முக்கிய வகை. ஸ்ட்ரூவைட் கல் மருத்துவ உணவிலேயே சில வாரங்களில் கரையும். கால்சியம் ஆக்ஸலேட் கரையாது, எடுக்கத்தான் வேண்டும். 1981-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கற்களைச் சோதிப்பதற்காகவே ஒரு மையம் தொடங்கினார்கள். அப்போது அங்கு வந்த பூனைக் கற்களில் பெரும்பாலானவை ஸ்ட்ரூவைட். நிறுவனங்கள் மெக்னீசியத்தைக் குறைத்து, சிறுநீரை அமிலமாக்கும்படி உணவை மாற்றின. ஸ்ட்ரூவைட் குறைந்தது, ஆக்ஸலேட் ஏறியது! ஒன்றுக்குப் பார்த்த வைத்தியம் இன்னொன்றுக்கு வழிவிட்ட கதை. எந்தக் கல் என்று தெரியாமல் உணவை மாற்றக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஷிஃப்ட் மாறினால் பூனைக்கு என்ன?

எனக்குப் பெரிய ஆச்சரியம் இதில்தான். இளம் பூனைகளின் சிறுநீர்ப் பிரச்னைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் கல்லும் இருக்காது, கிருமியும் இருக்காது. பை மட்டும் வீங்கியிருக்கும். காரணம் உறுதியாகச் சொல்ல முடியாத இந்த அழற்சியில் மன அழுத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கிருமித் தொற்று இளம் பூனைகளுக்கு வருவது குறைவு. ஆகவே மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கிக் கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் இதையே பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 2011-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் ஒரு விஷயம் தெளிவானது. சாப்பாட்டு நேரம், பராமரிக்கும் ஆள் என்று தினசரி வழக்கத்தைக் கலைத்தால் நோயுள்ள பூனை மட்டுமல்ல, ஆரோக்கியமான பூனையும் வாந்தி எடுத்தது, சாப்பிட மறுத்தது, தட்டுக்கு வெளியே போனது.

படித்ததும் என் கணவரின் ஷிஃப்ட் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. சிப்காட்டை நம்பி வாழும் எந்த வீட்டிலும் இதுதானே கதை. அவர் வரும்போதுதான் பூசணிக்குச் சாப்பாடு, விளையாட்டு. இரவு ஷிஃப்ட் வாரத்தில் பகல் முழுவதும் கதவு சாத்திய அறையில் அவர் தூங்க, இவன் வெளியே பிராண்டிக்கொண்டிருப்பான். பூசணி அடைபட்டதும் அப்படியொரு வாரத்தின் கடைசியில்தான். அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது சாப்பாடு காலை ஏழு, சாயங்காலம் ஏழு. யார் எந்த ஷிஃப்டில் இருந்தாலும் சரி, மாமியாரே வைத்துவிடுகிறார். பீரோ மேல் ஒரு பழைய போர்வை, ஜன்னலோரம் ஒரு ஸ்டூல். ஒற்றை அறை வாடகை வீட்டிலும் பூனைக்கு உயரமான ஒரு இடமும் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியும் கொடுத்துவிட முடியும். வீடு மாறும்போதும், புதுப் பூனை வரும்போதும், தீபாவளி வெடிச் சத்தத்தின்போதும் மணலைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

மணல் தட்டு அழுக்காக இருந்தால் பூனை அடக்கிக்கொள்ளும். தினமும் அள்ளுங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு அதிகமாக இருக்கட்டும். வாசனை போட்ட மணல் நமக்குத்தான் பிடிக்கும்.

எடையும் குறைய வேண்டும். இந்தப் பிரச்னை அதிகம் தாக்குவது இரண்டு முதல் ஆறு வயதுக்குள், வீட்டுக்குள்ளேயே இருக்கிற, கருத்தடை செய்த, குண்டான கடுவன்களைத்தான். அதற்காக ஆபரேஷனைப் பழிக்காதீர்கள். அதனால் குழாய் சுருங்குவதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு பசி கூடி, ஓட்டம் குறைந்து, எடை ஏறுகிறது. அளந்து போட்டால் சரியாகிவிடும்.

ஓசூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. இது ரோஜாவுக்குப் பேர்போன ஊர். ரோஜாவால் பூனைக்கு ஆபத்தில்லை. ஆனால் கல்யாணப் பொக்கேவில் செருகி வரும் லில்லிப் பூக்களின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் சில நாள்களில் செயலிழக்கும். அந்தப் பூ வீட்டுக்குள் வேண்டாம்.

அவசரத்தில் எங்கே போவது?

மத்திகிரி கால்நடைகளால் பெயர் பெற்ற ஊர். 1824-ல் ஆங்கிலேயர் ராணுவக் குதிரைகளுக்காக ஆரம்பித்த பண்ணை இன்று 1,600 ஏக்கருக்கு மேல் பரந்த மாவட்டக் கால்நடைப் பண்ணையாக நிற்கிறது. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியினக் கல்லூரியும் இங்கேதான். மாட்டுக்கும் கோழிக்கும் இத்தனை இருக்கிற ஊரில், ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பூனையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. 1962 என்ற நடமாடும் கால்நடை ஊர்தி முக்கியமாக ஆடு, மாடுகளுக்கானது. அதற்காகக் காத்திருந்து நேரத்தை இழக்காதீர்கள்.

இன்றே செய்து வைக்க வேண்டியது: பக்கத்தில் பூனை பார்க்கும் கிளினிக் எது, கதீட்டர் போடும் வசதி உண்டா, ஞாயிறு திறந்திருக்குமா என்று கேட்டு எண்களை எழுதி வைப்பது. இரவென்றால் எங்களுக்கு அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரின் 24 மணி நேர கிளினிக்குகள்தான். முன்கூட்டியே போன் செய்து “கடுவன், உச்சா அடைச்சிருக்கு” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். எதிர்பாராமல் சில்க் போர்டு பக்கம் மாட்டிக்கொண்டால் அந்த ஒரு மணி நேரமும் பூனைக்குத்தான் நஷ்டம். கூடை இல்லையென்றால் பக்கெட்டும் துண்டும் போதும்.

அங்கே மயக்கமருந்து கொடுத்து, மெல்லிய டியூப் நுழைத்து அடைப்பை எடுப்பார்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ட்ரிப்ஸ், இதயத்தைக் காக்க ஊசி எல்லாம் கூடவே நடக்கும். பெரும்பாலும் இரண்டு, மூன்று நாள் தங்க வேண்டியிருக்கும். எங்களுக்கு வந்த பில் அந்த மாத வீட்டு வாடகையைவிடக் கொஞ்சம் அதிகம்.

அடைப்பு எடுத்ததும் கதை முடிந்துவிடாது. வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களில் மறுபடி அடைக்கும் வாய்ப்பு அதிகம். பூசணிக்குப் பன்னிரண்டாம் நாள் அடைத்தது. இந்த முறை காலை ஆறே முக்காலுக்கு மணலில் ஈரம் இல்லை என்று பார்த்த மாமியார், எட்டு மணிக்கு என்னைக் கிளினிக் வாசலில் நிறுத்தியிருந்தார். இரண்டே மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. திரும்பத் திரும்ப அடைத்தால் குறுகிய நுனியை நீக்கி வழியை அகலமாக்கும் ஆபரேஷன் இருக்கிறது என்று டாக்டர் சொல்லி வைத்திருக்கிறார். இதுவரை தேவைப்படவில்லை.

பூசணி இப்போது நாலே முக்கால் கிலோ. தினசரி காலண்டரில் ராகு காலத்துக்குக் கீழே மாமியார் பேனாவால் ஓர் எண் எழுதுகிறார். நேற்று மூன்று.